மருந்து பூசிய டைட்டானியம்: முதல் சில மணி நேரத்துக்கான காவல்

எலும்பு முறிவுக்கு வைக்கும் ராடு, பிளேட், ஸ்குரூ. தேய்ந்துபோன இடுப்புக்கும் முழங்காலுக்கும் மாற்றாகப் பொருத்தும் செயற்கை மூட்டு. பல் விழுந்த இடத்தில் தாடையில் திருகும் செயற்கை வேர். இதயத் துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கரின் உறை. மனித உடலுக்குள் நீண்ட காலம் தங்கப்போகும் இத்தகைய சாதனங்களைச் செய்ய மருத்துவம் பெரிதும் நம்பியிருக்கும் உலோகம் டைட்டானியம். எஃகோடு ஒப்பிட்டால் எடையில் பாதிக்குச் சற்றே மேல். வளையும் தன்மையில் எலும்புக்கு எஃகைவிட நெருக்கமானது. காற்றுப் பட்டதுமே அதன் மேல் சில நானோமீட்டர் தடிமனில் ஓர் ஆக்சைடு படலம் உண்டாகிவிடுகிறது. கீறல் விழுந்தாலும் அந்தப் படலம் தானே மூடிக்கொள்வதால், உப்பும் நீரும் நிறைந்த உடலுக்குள் டைட்டானியம் அரிக்கப்படுவதில்லை.

எலும்போடு அது ஒன்றிப்போகும் என்பது எதிர்பாராமல் தெரியவந்த உண்மை. ஸ்வீடன் மருத்துவ விஞ்ஞானி பெர்-இங்வார் பிரானமார்க், 1950களின் தொடக்கத்தில் முயலின் கால் எலும்புக்குள் ரத்த ஓட்டத்தைக் கவனிப்பதற்காக டைட்டானியத்தால் ஆன சிறு கண்காணிப்புக் கருவியைப் பொருத்தினார். ஆய்வு முடிந்து அதைக் கழற்றப் பார்த்தபோது வரவில்லை. எலும்பு அதைத் தன்னோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தது. 1965இல் முதல் நோயாளிக்கு டைட்டானியப் பல்வேர் பொருத்தப்பட்டது. எலும்பு அறுவை சிகிச்சையும் பல் மருத்துவமும் அந்தப் பிணைப்பின் மேல்தான் பெரும் வளர்ச்சி கண்டன.

எலும்புச் செல்களை வரவேற்கும் அதே மேற்பரப்பு பாக்டீரியாவையும் வரவேற்கிறது. உள்வைப்புச் சாதனங்களில் வரும் கிருமித்தொற்றின் வேர் இங்கேதான் இருக்கிறது. அதைத் தடுப்பதற்காக, சாதனத்தின் மேலேயே மருந்தைப் பூசி, தேவையான நேரத்தில் தேவையான அளவுக்கு அது வெளியேறும்படி செய்யும் தொழில்நுட்பம் கடந்த கால் நூற்றாண்டில் ஆய்வகத்திலிருந்து அறுவை அரங்குக்கு வந்து சேர்ந்திருக்கிறது. யாருக்கு அது பயன்படும், எங்கே அது தவறாகப் போகக்கூடும் என்பவை இந்தியா இப்போதே தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டியவை.

நூறு கிருமிகள் போதும்

ஆரோக்கியமான உடலில் கிருமி நுழைந்தால் வெள்ளணுக்கள் அதை விழுங்கிவிடுகின்றன. அந்நியப் பொருள் ஒன்று கூடவே இருந்தால் நிலைமை தலைகீழாகிறது. 1957இல் லண்டனில் எலெக், கோனன் என்ற இரு ஆய்வாளர்கள், தாமாக முன்வந்தவர்களின் தோலில் ஸ்டெஃபைலோகாக்கஸ் கிருமியைச் செலுத்திப் பார்த்தார்கள். வெறும் தோலில் சீழ்க்கட்டி உண்டாக்கப் பல லட்சம் கிருமிகள் தேவைப்பட்டன. தையல் நூல் ஒன்று கூட இருந்தபோது சில நூறு கிருமிகளே போதுமாக இருந்தன. 1982இல் ஸ்விட்சர்லாந்தின் வெர்னர் சிம்மர்லி குழு கினிப் பன்றிகளில் நடத்திய ஆய்வும் இதையே உறுதிசெய்தது: அந்நியப் பொருள் இருக்கும் இடத்தில் 100 கிருமிகள் தொற்றை நிலைநிறுத்தின; அது இல்லாத இடத்தில் 10 கோடி கிருமிகளாலும் சீழ்க்கட்டி உண்டாக்க முடியவில்லை. சாதனத்தை ஒட்டியிருக்கும் வெள்ளணுக்கள் சோர்ந்துபோய், கிருமியைக் கொல்லும் திறனை இழந்துவிடுவதே காரணம்.

அமெரிக்க எலும்பியல் அறிஞர் ஆன்டனி கிரிஸ்டினா 1987இல் இதை ஓர் ஓட்டப்பந்தயமாக விளக்கினார். சாதனம் உடலுக்குள் போன அந்தக் கணமே, அதன் மேற்பரப்பைப் பிடிக்க எலும்புச் செல்களும் பாக்டீரியாவும் போட்டியிடத் தொடங்குகின்றன. செல்கள் முந்தினால் அந்த இடம் உயிருள்ள திசுவால் மூடப்படும். பிறகு வரும் கிருமிக்கு அங்கே கால்பதிக்க இடம் இருக்காது. கிருமி முந்தினால் எலும்பு ஒட்டாது, சாதனம் தளரும், சீழ் பிடிக்கும். இந்தப் போட்டியின் முடிவு பெரும்பாலும் முதல் சில மணி நேரத்திலேயே தீர்மானமாகிறது என்பதுதான் மருந்துப் பூச்சு என்ற எண்ணத்துக்கே அடித்தளம்.

அந்த மணி நேரங்களில் நடப்பது இது. சாதனம் உள்ளே போன சில நொடிகளில் ரத்தத்திலுள்ள ஃபைப்ரினோஜென், ஃபைப்ரோனெக்டின் போன்ற புரதங்கள் அதன் மேல் படிகின்றன. நோயாளியின் தோலிலிருந்தோ, அரங்கின் காற்றிலிருந்தோ, விபத்தில் ஒட்டிய மண்ணிலிருந்தோ வந்த பாக்டீரியா முதலில் தளர்வாக அந்தப் புரதப் படிவில் உட்காருகிறது. இந்தக் கட்டத்தில் கழுவினால் போய்விடும். அடுத்து, ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் போன்ற கிருமிகள் தம் உடலிலுள்ள பிணைப்பு மூலக்கூறுகளால் அந்தப் புரதங்களை இறுகப் பற்றுகின்றன. பின்னர் பெருகிக் கூட்டமாகி, சர்க்கரைச் சேர்மங்களும் புரதமும் டிஎன்ஏவும் கலந்த வழவழப்பான ஒரு பொருளைச் சுரந்து தம்மைச் சுற்றி மூடிக்கொள்கின்றன. இதுவே உயிரிப்படலம். அதன் அடியாழத்தில் உள்ள கிருமிகள் உணவும் ஆக்சிஜனும் குறைந்த நிலையில் வளர்ச்சியை நிறுத்தி உறக்கநிலைக்குப் போய்விடுகின்றன. பெரும்பாலான ஆன்டிபயாடிக்குகள் வளரும் கிருமியைத்தான் கொல்லும். உறங்கும் கிருமியை அவற்றால் அசைக்க முடியாது. தனித்து மிதக்கும் கிருமியைக் கொல்லப் போதுமான மருந்தைப் போல் நூறு மடங்கு, ஆயிரம் மடங்கு கொடுத்தாலும் படலத்துக்குள் உள்ள கிருமி தப்பிவிடக்கூடும். அவ்வளவு மருந்தை ரத்தத்தில் செலுத்தினால் நோயாளியின் சிறுநீரகம் தாங்காது.

தொற்று வந்தபின்

படலம் முதிர்ந்துவிட்டால் மருந்தால் மட்டும் குணமாக்குவது அரிது. ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் காயத்தைத் திறந்து, இறந்த திசுவை வெட்டி அகற்றி, கழுவி, வாரக்கணக்கில் மருந்து கொடுத்துச் சாதனத்தைக் காப்பாற்றலாம். தாமதமானால் சாதனத்தையே எடுக்க வேண்டும். செயற்கை மூட்டில் வழக்கமான முறை இரண்டு கட்ட அறுவை: முதலில் மூட்டைக் கழற்றி, மருந்து கலந்த எலும்பு சிமென்ட்டை இடைவெளியில் வைத்து, பல வாரம் காத்திருந்து, தொற்று அடங்கியபின் புதிய மூட்டைப் பொருத்துவது. அந்த வாரங்களில் நோயாளியால் சரியாக நடக்க முடியாது, வேலைக்குப் போக முடியாது. சாலை விபத்தில் கீழ்க்கால் எலும்பு முறிந்து ராடு வைத்தவருக்குத் தொற்று வந்தால் எலும்பு கூடாமல் நிற்கும்; ஆண்டுக்கணக்கில் சீழ் வடியும்; சிலருக்குக் காலையே எடுக்க நேரும். குடும்பத்தின் ஒரே சம்பாத்தியக்காரருக்கு இது நேர்ந்தால், முறிவது எலும்போடு நிற்பதில்லை.

திட்டமிட்டு நடக்கும் முதல்முறை இடுப்பு, முழங்கால் மாற்று அறுவைகளில் தொற்று நூற்றில் ஒருவர் இருவருக்கு வருகிறது. ஏற்கெனவே வைத்த மூட்டை மாற்றும் அறுவையில் இந்த விகிதம் பல மடங்கு உயர்கிறது. எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிட்ட திறந்த முறிவுகளில், அதிலும் தசை நசுங்கி மண் படிந்த கடுமையான காயங்களில், நூற்றுக்கு 10 முதல் 50 வரை தொற்று காணும் என்று முந்தைய ஆய்வுகள் பதிவுசெய்திருக்கின்றன. இன்றைய சிகிச்சையில் அது குறைந்திருந்தாலும், சாதாரண மூட்டு மாற்றுக்கும் திறந்த முறிவுக்கும் இடையிலான பள்ளம் அப்படியே இருக்கிறது. மருந்துப் பூச்சு முதலில் யாருக்கு என்ற கேள்விக்கான விடை இந்த எண்களிலேயே அடங்கியிருக்கிறது.

சிமென்ட் கற்றுத்தந்த பாடம்

தொற்றைத் தடுப்பதில் முதல் பெருவெற்றி சுத்தத்தால் கிடைத்தது. நவீன இடுப்பு மாற்று அறுவையின் தந்தை என்று மதிக்கப்படும் ஜான் சார்ன்லி, இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் 1960களில் தொடங்கி வடிகட்டிய காற்று வீசும் தனி அறையையும், அறுவை செய்பவரின் மூச்சுக்காற்றை உறிஞ்சி வெளியேற்றும் உடையையும் பழக்கத்துக்குக் கொண்டுவந்தார். நூற்றுக்கு ஏழு என்ற அளவில் இருந்த தொற்று ஒன்றுக்கும் கீழே இறங்கியது. அறுவைக்குச் சற்று முன் நரம்பு வழியாக ஆன்டிபயாடிக் கொடுக்கும் வழக்கம் அடுத்த பெரிய முன்னேற்றம். இந்த இரண்டுக்கும் இன்றுவரை மாற்று இல்லை.

ஆனால் நரம்பில் செலுத்திய மருந்து ரத்தம் ஓடும் இடத்துக்குத்தான் போகும். நசுங்கிய தசையிலும், ரத்தக்குழாய் அறுபட்ட எலும்பிலும், உலோகத்துக்கும் திசுவுக்கும் இடையே தேங்கிய ரத்தக்கட்டியிலும் அது போதிய அளவில் சேர்வதில்லை. கிருமி ஒளிந்திருக்கும் இடங்களும் இவையே. எனவே மருந்தை அந்த இடத்திலேயே வைக்க வேண்டும் என்ற சிந்தனை பிறந்தது. ஹாம்பர்க் நகரின் ஹான்ஸ் வில்ஹெல்ம் புக்ஹோல்ட்ஸ், செயற்கை மூட்டை எலும்போடு ஒட்டவைக்கும் அக்ரிலிக் சிமென்ட்டில் ஜென்டாமைசின் மருந்தைக் கலந்து, 1970இல் முடிவுகளை வெளியிட்டார். சிமென்ட் இறுகும்போது எழும் வெப்பத்தை அந்த மருந்து தாங்கியது. நீரில் கரையக்கூடியது என்பதால் சிமென்ட்டிலிருந்து கசிந்து வெளியேறியது. பல வகைக் கிருமிகளைக் கொன்றது. 1987 முதல் மூட்டு மாற்று அறுவைகளைப் பதிந்துவரும் நார்வேயின் தேசியப் பதிவேடு, நரம்பு வழி மருந்தும் சிமென்ட்டில் மருந்தும் சேர்ந்திருந்தவர்களுக்கு மறுஅறுவை குறைவாகத் தேவைப்பட்டதைக் காட்டியது.

அதே மருந்தைச் சிறு சிமென்ட் மணிகளில் கலந்து கோத்து, சீழ் பிடித்த எலும்புக்குள் வைக்கும் முறையும் வந்தது. அங்கேதான் எச்சரிக்கையும் கிடைத்தது. நெதர்லாந்தின் குரோனிங்கன் ஆய்வாளர்கள் 2003இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு நோயாளியின் உடலில் ஐந்து ஆண்டுகள் இருந்த மணிகள் அப்போதும் ஜென்டாமைசினைச் சிறு அளவில் கசியவிட்டுக்கொண்டிருந்தன. அந்த மணிகளின் மேலேயே, அந்த மருந்துக்கு அடங்காத ஸ்டெஃபைலோகாக்கஸ் குடியிருந்தது. முதல் நாட்களில் கிருமியைக் கொன்ற மருந்து, பின்னாளில் கொல்ல முடியாத அளவுக்குக் குறைந்து கசிந்தபோது, தாங்கும் கிருமிகளைப் பொறுக்கி வளர்த்துவிட்டது.

மருந்து எவ்வளவு வலிமையானது என்பதைப் போலவே, அது எப்போது நிற்கிறது என்பதும் முக்கியம். முதல் சில மணி நேரத்தில் கிருமியைக் கொல்லும் அளவைவிடப் பல மடங்கு அதிகமாக வெளிவர வேண்டும்; சில நாட்கள் அந்த நிலை நீடிக்க வேண்டும்; பிறகு மிச்சம் வைக்காமல் தீர்ந்துபோக வேண்டும். மருந்து தீர்ந்ததும், அதைத் தாங்கியிருந்த பூச்சும் கரைந்து, வெறும் டைட்டானியத்தை எலும்புக்கு விட்டுக்கொடுக்க வேண்டும். இந்தக் கால ஒழுங்கைக் காப்பதே நல்ல பூச்சின் இலக்கணம்.

பூச்சுகளின் வகைகள்

இதுவரை நோயாளிகளிடம் பயன்பாட்டுக்கு வந்தவற்றுள் மிகத் தெளிவான எடுத்துக்காட்டு, ஜென்டாமைசின் பூசிய கீழ்க்கால் ராடு. ஜெர்மனியில் கெர்ஹார்ட் ஷ்மிட்மையரும் அவருடைய சகாக்களும் வகுத்த முறையில், டைட்டானிய ராடை பாலிலாக்டைடு என்ற கரையும் பாலிமரும் மருந்தும் கலந்த கரைசலில் தோய்த்து எடுத்துக் காயவிடுகிறார்கள். ஏறத்தாழ 10 மைக்ரான் தடிமனில், கண்ணுக்குப் புலப்படாத ஒரு தோல் ராடின் மேல் படிகிறது. எலும்புக்குள் சுத்தியலால் அடித்து இறக்கும்போது உரிந்துவிடாத அளவுக்கு அது உறுதியாக ஒட்டியிருக்கிறது. ஈரம் பட்டதும் மருந்தின் பெரும்பகுதி முதல் இரண்டு நாட்களிலேயே வெளியேறிவிடுகிறது. பாலிமர், லாக்டிக் அமிலமாக மெல்லச் சிதைந்து உடலின் இயல்பான வளர்சிதை மாற்றத்தில் கலந்துவிடுகிறது. மருந்து அந்த இடத்திலேயே செறிந்திருப்பதால் ரத்தத்தில் அதன் அளவு மிகக் குறைவு. காதும் சிறுநீரகமும் மருந்தால் பாதிக்கப்படும் என்ற அச்சமும் அதற்கேற்பக் குறைகிறது. 2005இல் ஐரோப்பாவில் இதற்கு ஒப்புதல் கிடைத்தது. திறந்த முறிவுகளிலும் மறுஅறுவைகளிலும் பயன்படுத்தியவர்கள் நம்பிக்கை தரும் முடிவுகளைப் பதிவுசெய்திருக்கிறார்கள்.

இரண்டாவது வகை, அறுவை அரங்கிலேயே பூசும் ஜெல். ஹயலுரோனிக் அமிலமும் பாலிலாக்டைடும் சேர்ந்த தூளில், மருத்துவர் தேர்ந்தெடுத்த ஆன்டிபயாடிக் கரைசலைக் கலந்து, செயற்கை மூட்டின் மேல் கையால் தடவிப் பொருத்துகிறார்கள். சுமார் 72 மணி நேரத்தில் மருந்து வெளியேறிவிடும், ஜெல்லும் கரைந்துவிடும். நோயாளியின் கிருமிக்கு ஏற்ப மருந்தை மாற்றிக்கொள்ளலாம் என்பது இதன் பெரிய அனுகூலம். 2016இல் வெளியான ஐரோப்பியப் பல மைய ஆய்வில் இடுப்பு, முழங்கால் மூட்டு பொருத்தப்பட்ட 380 பேர் பங்கேற்றனர். ஜெல் இல்லாத குழுவில் 11 பேருக்குத் தொற்று வந்தது. ஜெல் தடவிய குழுவில் ஒருவருக்கு மட்டும்.

மூன்றாவது, ஆன்டிபயாடிக் அல்லாத கிருமிநாசினிகள். எலும்புப் புற்றுநோயை அகற்றியபின் வைக்கும் மிகப்பெரிய செயற்கை உறுப்புகளில் வெள்ளிப் பூச்சு பல ஆண்டுகளாகப் பயன்படுகிறது. ஜெர்மனியின் மூன்ஸ்டர் நகர ஆய்வு ஒன்றில் வெறும் டைட்டானியம் வைத்தவர்களில் 17.6 சதவீதம் பேருக்கும், வெள்ளி பூசியது வைத்தவர்களில் 5.9 சதவீதம் பேருக்கும் தொற்று ஏற்பட்டது. வெள்ளி அயனி பல வழிகளில் கிருமியைத் தாக்குவதால் எதிர்ப்புத்திறன் உருவாவது கடினம். ஆனால் அளவு கூடினால் எலும்புச் செல்லையும் அது பாதிக்கும் என்பதால், எலும்பு ஒட்டவேண்டிய பகுதியைத் தவிர்த்துப் பூசுகிறார்கள். ஜப்பானின் கனசாவா பல்கலைக்கழகத்தில் ஹிரோயுகி சுச்சியா குழு, டைட்டானியத்தை மின்வேதி முறையில் நுண்துளைப் பரப்பாக்கி அதில் அயோடினை ஏற்றி, 222 நோயாளிகளுக்குப் பயன்படுத்திய அனுபவத்தை 2012இல் வெளியிட்டது.

ஆய்வகத்தில் இன்னும் பல முயற்சிகள் நடக்கின்றன. ஃப்ளூரைடு கலந்த கரைசலில் டைட்டானியத்தை வைத்து மின்சாரம் செலுத்தினால், அதன் ஆக்சைடு படலம் நூறு நானோமீட்டர் அளவு விட்டமுள்ள குழாய்களாக நெருக்கமாக எழும்புகிறது. தனிப் பாலிமர் எதுவும் இல்லாமல் உலோகத்தின் தோலே மருந்துக் கொள்கலமாகிவிடுகிறது. குழாயின் நீளத்தையும் வாயையும் மாற்றி, மருந்து வெளியேறும் வேகத்தைக் கட்டுப்படுத்தலாம். மருந்தை வெளியேற்றாமல் உலோகத்தோடு வேதிப் பிணைப்பால் கட்டிவைத்து, தொடும் கிருமியை மட்டும் கொல்லும் முறையும் உண்டு. சிள்வண்டின் சிறகில் உள்ள நுண்கூர்முனைகள் பாக்டீரியாவைக் கிழித்துக் கொல்வதை ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2012இல் கண்டறிந்த பின், மருந்தே இல்லாமல் மேற்பரப்பின் வடிவத்தால் கிருமியைக் கொல்லும் டைட்டானியத்தை உருவாக்கும் ஆய்வும் வேகம் பிடித்திருக்கிறது. இவை நோயாளியை வந்தடைய இன்னும் தொலைவு இருக்கிறது.

சான்று எவ்வளவு வலுவானது?

ஆய்வகத் தட்டிலும் முயலின் எலும்பிலும் வெற்றிபெற்ற பூச்சுகள் ஏராளம். மனிதரிடம் நிறுவப்பட்டவை மிகச் சில. இதற்கான முதல் காரணம் எண்ணிக்கை. தொற்று நூற்றில் இருவருக்கு வரும் அறுவையில், அதை ஒன்றாகக் குறைப்பதாக ஒரு பூச்சு சொன்னால், அதை வழக்கமான புள்ளியியல் உறுதியோடு நிரூபிக்க ஏறத்தாழ 4,600 நோயாளிகள் பங்கேற்கும் ஆய்வு வேண்டும். அவர்களை ஓராண்டாவது பின்தொடர வேண்டும். சிறு நிறுவனங்களால் இந்தச் செலவைத் தாங்க முடிவதில்லை.

அப்படியொரு ஆய்வு இதயச் சாதனங்களில் நடந்திருக்கிறது. டைட்டானிய உறை கொண்ட பேஸ்மேக்கரையும் டிஃபிப்ரிலேட்டரையும், மினோசைக்ளின், ரிஃபாம்பிசின் என்ற இரு மருந்துகள் தோய்ந்த கரையும் வலையுறைக்குள் வைத்துப் பொருத்துவது அந்த முறை. மருந்து ஒரு வாரத்துக்குக் குறையாமல் வெளியேறும்; உறை சில வாரங்களில் கரையும். 25 நாடுகளில் 6,983 நோயாளிகளிடம் நடந்த ஆய்வின் முடிவு 2019இல் வெளியானது. ஓராண்டுக்குள் பெரிய தொற்று, உறை இல்லாதவர்களில் 1.2 சதவீதம், உறை வைத்தவர்களில் 0.7 சதவீதம். சாதனத்தை ஒட்டி, குறித்த நாட்கள் மட்டும் மருந்தை வெளிவிடும் முறை மனிதரிடம் பலன் தருகிறது என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று இன்று இல்லை.

எலும்பு முறிவில் இதற்கு நெருங்கியது, அமெரிக்காவில் 980 பேரிடம் நடந்து 2021இல் வெளியான வான்கோமைசின் தூள் ஆய்வு. அது பூச்சு அல்ல. காயத்தை மூடுமுன் பிளேட்டைச் சுற்றித் தூவும் மருந்து. ஆழமான தொற்று 9.8 சதவீதத்திலிருந்து 6.4 சதவீதமாகக் குறைந்தது. ஆனால் குறைந்தது முழுவதும் கிராம்-பாசிட்டிவ் வகைக் கிருமிகளால் வரும் தொற்று. கிராம்-நெகட்டிவ் கிருமிகள் மேல் வான்கோமைசினுக்கு ஆற்றல் இல்லை. அவற்றால் வரும் தொற்று குறையவில்லை. எந்த ஊரில் எந்தக் கிருமி என்று தெரியாமல் பூச்சில் எந்த மருந்து என்று முடிவுசெய்ய முடியாது என்பதை இந்த ஒரு முடிவே உணர்த்துகிறது.

கவனிக்க வேண்டிய அபாயங்கள்

முதல் அபாயம், ஏற்கெனவே சொன்ன மருந்து எதிர்ப்பு. ஒரு நோயாளியின் உடலில் உருவாகும் எதிர்ப்புக் கிருமி அவரோடு நிற்பதில்லை. வார்டு முழுவதும் பரவும். குறைந்த அபாயம் உள்ள லட்சக்கணக்கானோருக்கு வழக்கமாகப் பூச்சு வைக்கத் தொடங்கினால், கிடைக்கும் சிறு பலனைவிட இந்த இழப்பு பெரிதாகிவிடக்கூடும்.

இரண்டாவது, எலும்பின் நலன். கிருமியைக் கொல்லும் பொருள் அளவு மீறினால் எலும்பை உருவாக்கும் செல்லையும் தளர்த்தும். தொற்று இல்லாமல் தளர்ந்துபோன மூட்டும் தோல்விதான். எனவே பூச்சின் வெற்றியைத் தொற்று விகிதத்தால் மட்டும் அளக்காமல், பத்தாண்டு கழித்து எலும்பு எவ்வளவு உறுதியாகப் பிடித்திருக்கிறது என்பதாலும் அளக்க வேண்டும்.

மூன்றாவது, தயாரிப்பின் தரம். சாதனத்தைக் கிருமிநீக்கம் செய்யும் காமா கதிரோ வாயுவோ மருந்தைச் சிதைக்கக் கூடாது. வெப்பமும் ஈரமும் மிகுந்த கிடங்கில் மாதக்கணக்கில் இருந்தாலும் பூச்சு கெடக் கூடாது. தொகுதிக்குத் தொகுதி மருந்தின் அளவு மாறக் கூடாது. இந்தியாவின் 2017ஆம் ஆண்டு மருத்துவச் சாதன விதிகள், மருந்து கலந்த சாதனங்களை அதிக இடர் உள்ள பிரிவில் வைத்திருப்பது நியாயமே. அந்தக் கண்டிப்பு தளரக் கூடாது.

நான்காவது, மனநிலை. பூச்சு இருக்கிறது என்ற தைரியத்தில் கை கழுவுவதும், அரங்கின் காற்றைச் சோதிப்பதும், இறந்த திசுவைப் பொறுமையாக வெட்டி அகற்றுவதும் தளர்ந்தால், எந்த மருந்தும் காப்பாற்றாது. சார்ன்லியின் அரங்கு பூச்சு இல்லாமலேயே தொற்றை ஒன்றுக்கும் கீழே கொண்டுவந்தது என்பதை மறக்கக் கூடாது.

இங்கே என்ன செய்ய வேண்டும்?

இந்தத் தொழில்நுட்பத்தால் மிகுந்த பயன் பெறக்கூடியவர்கள், சாலை விபத்தில் கால் நசுங்கி, மண்ணோடு மருத்துவமனைக்கு வந்துசேரும் நோயாளிகள். இந்தியாவில் அவர்களுக்குக் குறைவில்லை. கோவை கங்கா மருத்துவமனையில் எஸ்.ராஜசேகரன் குழு உருவாக்கிய திறந்த காய மதிப்பெண் முறை, தோல், எலும்பு, தசை ஆகியவற்றின் சேதத்தைத் தனித்தனியே மதிப்பிட்டு, காலைக் காப்பாற்ற முடியுமா என்பதை முடிவுசெய்ய உதவுகிறது. உலக எலும்பியல் இதழ்களில் இடம்பிடித்த முறை அது. எந்தக் காயத்துக்கு மருந்து பூசிய ராடு தேவை, எதற்குத் தேவையில்லை என்று பிரிப்பதற்கும் இதுபோன்ற மதிப்பெண் இங்கேயே கைவசம் இருக்கிறது. விபத்தில் சிக்கியவரின் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை ஏற்கும் தமிழ்நாடு அரசின் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் 2021 முதல் நடப்பில் உள்ளது. உள்வைப்புச் சாதனத்தின் தலைவிதி எழுதப்படுவதும் ஏறத்தாழ அதே காலத்துக்குள்தான்.

ஐரோப்பியப் பூச்சை அப்படியே இறக்குமதி செய்தால் போதாது. இந்திய மருத்துவமனைகளில் காயத் தொற்றுக்குக் காரணமானவற்றில் கிளெப்சியெல்லா, சூடோமோனாஸ், அசினிடோபாக்டர் போன்ற கிராம்-நெகட்டிவ் கிருமிகளுக்குப் பெரும் பங்கு உண்டு. அவற்றில் பலவும் ஜென்டாமைசினுக்கு அடங்குவதில்லை. மருந்து எதிர்ப்பு பற்றி மருத்துவ அமைப்புகள் கூடி 2012இல் சென்னைப் பிரகடனம் வெளியிட்ட நாடு இது. இங்குள்ள கிருமிகளின் பட்டியலைக் கொண்டு இங்குள்ள பூச்சின் மருந்து தீர்மானிக்கப்பட வேண்டும். மருந்தை அரங்கில் தேர்ந்தெடுத்துக் கலக்கும் ஜெல் வகையும், ஆன்டிபயாடிக்கைச் சாராத வெள்ளி, அயோடின் வகைகளும் இந்த நாட்டுக்குக் கூடுதல் பொருத்தமாக இருக்கக்கூடும். ஆய்வில் சோதித்தே அதை உறுதிசெய்ய முடியும்.

விலை அடுத்த தடை. அரசு மருத்துவமனைகளில் எஃகு ராடும் பிளேட்டும் இன்றும் பரவலாகப் பயன்படுவதற்கு முதன்மைக் காரணம் டைட்டானியத்தின் விலை. பூச்சு அதை மேலும் ஏற்றும். தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் 2017 ஆகஸ்டில் முழங்கால் சாதனங்களுக்கு உச்சவரம்பு விதித்தபோது, கோபால்ட்-குரோமியம் வகைக்கு வரி நீங்கலாக 54,720 ரூபாயும், டைட்டானியம் உள்ளிட்ட சிறப்பு உலோக வகைக்கு 76,600 ரூபாயும் நிர்ணயித்தது. நோயாளிக்கு அது பெரும் நிம்மதி. மருந்து பூசிய சாதனம் வரும்போது, பூச்சு என்ற பெயரைச் சொல்லி வரம்பைத் தாண்ட அனுமதிக்கக் கூடாது. மெய்யான பலன் தரும் பூச்சுக்கு நியாயமான விலை மறுக்கப்படவும் கூடாது. ஒரு தொற்றைக் குணமாக்க ஆகும் செலவோடு, பல மாத வருமான இழப்பையும் கணக்கில் சேர்த்தால்தான் எந்த விலை நியாயம் என்பது தெரியவரும்.

உள்நாட்டிலேயே செய்ய முடியும் என்பதற்கு முன்னுதாரணம் இருக்கிறது. திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் நிறுவனம் உருவாக்கிய செயற்கை இதய வால்வு 1990இல் முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. பிறகு டிடிகே நிறுவனத்தின் தயாரிப்பாக, இறக்குமதி வால்வைவிடக் குறைந்த விலையில் ஆயிரக்கணக்கான ஏழை நோயாளிகளைச் சென்றடைந்தது. டைட்டானியத் தாதுவான இல்மனைட் கன்னியாகுமரி மணவாளக்குறிச்சி மணலிலும் கேரளத்தின் சவறா மணலிலும் கிடைக்கிறது. பொருளும் அறிவும் இங்கே இருக்கின்றன. இரண்டையும் நோயாளியிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும் பொறுமையான மருத்துவ ஆய்வுதான் குறைவு.

ஆகவே வேண்டியவை நான்கு. விபத்துச் சிகிச்சையில் தேர்ந்த அரசு, தனியார் மருத்துவமனைகள் பல சேர்ந்து, கடுமையான திறந்த முறிவுகளில் மருந்துப் பூச்சைச் சோதிக்கும் பெரிய ஆய்வை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் முன்னின்று நடத்த வேண்டும். அங்கே தொற்று விகிதம் அதிகம் என்பதால், மூட்டு மாற்றில் தேவைப்படுவதைவிடக் குறைவான நோயாளிகளைக் கொண்டே தெளிவான விடை கிடைக்கும். உடலில் வைக்கும் ஒவ்வொரு சாதனத்தையும் அதன் விளைவையும் பதியும் பதிவேடு, நார்வேயில் உள்ளதைப் போல நாடு முழுவதற்கும் அமைய வேண்டும். பூச்சில் சேரும் மருந்து எது, எத்தனை நாள் வெளியேறும், எப்போது முற்றிலும் தீரும் என்பதை ஒவ்வொரு சாதனத்தின் உறையிலும் அச்சிடுவது கட்டாயமாக வேண்டும். மறுஅறுவை, புற்றுநோய் அறுவை, கடுமையான திறந்த முறிவு, கட்டுப்படாத நீரிழிவு போன்ற அதிக அபாயம் உள்ளவர்களுக்கு மட்டுமே பூச்சு என்ற நெறிமுறையை எலும்பியல் அமைப்புகள் வகுக்க வேண்டும்.

எல்லாருக்கும் பூச்சு தேவையில்லை. தேவைப்படுகிறவர்கள் பெரும்பாலும் தேர்ந்தெடுக்கும் வசதி இல்லாதவர்கள்: நடுஇரவில் ஆம்புலன்ஸில் வந்திறங்கும் கூலித் தொழிலாளி, இருசக்கர வாகனத்தில் அடிபட்ட மாணவர். அவர்களுடைய காலைக் காப்பாற்றும் வாய்ப்பு, அரசு மருத்துவமனையில் கைக்கெட்டும் விலையில், நம்பத்தக்க சான்றோடு கிடைக்கச் செய்வது அரசின் கடமை.